பிள்ளைப்பேற்றுக்கு அப்பால்: விந்தகமும் சினைப்பையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர் சற்றுத் தயங்கினார். "குடும்பத்தோடு வருவாங்களே டாக்டர்" என்றார். குடும்பத்தோடு வரட்டும் என்றுதான் இந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டேன். இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய் பற்றியெல்லாம் நம் மக்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். விந்தகம், சினைப்பை பற்றி அவர்களிடம் பேசியவர்கள் யார்? பெரும்பாலும் பழைய பத்திரிகைகளின் கடைசிப் பக்க விளம்பரக்காரர்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இவை பிள்ளை பெறுவதற்காக மட்டும் உள்ள உறுப்புகள் என்ற எண்ணம் பாதி உண்மை. எலும்பு, இரத்தம், தோல், தசை, இரத்தக் குழாய் என்று உடல் முழுவதையும் நடத்துவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. அந்த வேலை பிள்ளைப்பேற்றுக்கு முன்பே தொடங்குகிறது. பிள்ளைப்பேறு முடிந்த பின்னும் தொடர்கிறது. இது தெரியாததால் நம் ஊரில் ஆண்களிடம் ஒரு வீண் அச்சமும், பெண்களிடம் பல வீண் அறுவைகளும் நிலைத்திருக்கின்றன. இதை நான்கு கூறுகளாகப் பேசுகிறேன்.

1. ஓர் உறுப்பு, இரண்டு தொழில், இரண்டு வழி

காளைக்கு ஏன் காயடிக்கிறீர்கள் என்று உழவரைக் கேட்டால், கன்று போடக் கூடாது என்பதற்காக என்று முதலில் சொல்ல மாட்டார். "உழவுக்கும் வண்டிக்கும் அடங்கும்" என்பார். காங்கேயம் மாடு வளர்ப்பவர் இன்னும் ஒன்றைக் காட்டுவார். அந்த இனத்தில் கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த பொலிகாளைக்குத் திமிலும் முன்னும் பின்னும் உள்ள சப்பைகளும் கருத்து நிற்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை இருக்காது, வெறும் சாம்பல்தான். விதையில் கை வைத்தால் முதுகின் நிறம் மாறுகிறது, குணம் மாறுகிறது, கழுத்தின் பருமன் மாறுகிறது. பிள்ளைப்பேற்றுக்கும் தோலின் நிறத்துக்கும் என்ன உறவு? பட்டறிவில் உலகெங்கும் உழவர்கள் இதை அறிந்திருந்தார்கள். காயடித்த சேவலுக்குக் கொண்டை வெளிறுவதை அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். காரணம்தான் தெரியாமல் இருந்தது.

காரணத்தின் முதல் நூலைப் பிடித்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த அர்னால்ட் பெர்டோல்ட். ஆண்டு 1849. அவர் எடுத்துக்கொண்டவை ஆறே ஆறு சேவல் குஞ்சுகள். சிலவற்றுக்கு விந்தகங்களை முழுவதும் அகற்றினார். அவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டைக்கும் போகாமல் வளர்ந்தன. மற்றவற்றின் விந்தகத்தை அறுத்தெடுத்து வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தார். சிலவற்றில் ஒன்றின் விந்தகத்தை இன்னொன்றின் வயிற்றில் வைத்தார். இந்தச் சேவல்கள் கூவின, சண்டையிட்டன, பெட்டையைத் துரத்தின, கொண்டையும் தாடியும் சிவந்து நின்றன. பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விந்தகத்தில் புதிய இரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. பழைய நரம்புத் தொடர்போ விந்து நாளமோ இல்லை. அப்படியானால் கொண்டைக்குச் செய்தி போனது இரத்தத்தின் வழியாகத்தான். நான்கு பக்கக் கட்டுரையாக இதை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு அதை எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. "ஹார்மோன்" என்ற சொல்லை ஸ்டார்லிங் புழக்கத்தில் விட்டதே 1905இல்தான்.

இன்று நுண்ணோக்கியில் விந்தகத்தின் ஒரு சீவலைப் பார்த்தால் இந்த இரண்டு தொழில்களும் இரண்டு தெருக்களில் நடப்பது தெரியும். ஒரு பக்கம் நுண்குழல்கள். நீட்டி வைத்தால் சில நூறு மீட்டர் வரும். அங்கேதான் செர்டோலி செல்களின் அரவணைப்பில் விந்தணு உருவாகிறது. ஒரு விந்தணு முழுமையடைய இரண்டரை மாதம் வரை ஆகிறது. அது நாளத்தின் வழியே வெளியே செல்ல வேண்டியது. குழல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் லீடிக் செல்கள் என்ற கொத்துகள். ஃபிரான்ஸ் லீடிக் இவற்றைக் கண்டு எழுதியது 1850இல், அதாவது பெர்டோல்ட்டுக்கு மறு ஆண்டு. ஒருவர் கண்டதும் மற்றவர் கண்டதும் ஒன்றையே பற்றியவை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்தச் செல்கள் நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. இதற்கு நாளம் இல்லை. எனவே விந்து வெளியேறும்போது டெஸ்டோஸ்டிரோன் அதனுடன் சேர்ந்து வடிந்து போய்விடுவதில்லை.

இந்த ஒரு செய்தியை நம் இளைஞர்களிடம் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரின் தூக்கம் மிஞ்சியிருக்கும். விந்துதான் உடலின் சாரம், அது போனால் பலம் போயிற்று என்ற கவலை இந்தத் துணைக்கண்டத்தின் பழைய கவலை. 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் இதற்குத் 'தாது' நோய்க்குறித் தொகுதி என்றே பெயர் வைத்தார். உடலில் கோளாறு ஒன்றும் இருக்காது. இளைப்பு, களைப்பு, குற்ற உணர்ச்சி எல்லாம் இருக்கும். "இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்டு, இன்ன ஊரில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று அறிவிக்கும் தொழில் இந்தக் கவலையை நம்பியே நடக்கிறது. வெளியேறும் திரவத்தில் விந்தகத்தின் பங்கு நூற்றுக்கு 5க்கும் குறைவு. எஞ்சியது விந்துப் பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் நீர். அதில் இருப்பது ஃபிரக்டோஸ் சர்க்கரை, துத்தநாகம், சில புரதங்கள். அது நாள்தோறும் சுரந்துகொண்டே இருப்பது.

இதே அச்சம்தான் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைக் கொன்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயப்படுத்திச் செய்த கசப்பும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்றும் ஆண்கள் சொல்லும் காரணம் "மூட்டை தூக்க முடியாது, பலம் போயிடும்" என்பதே. நாளத்தை மட்டும் கட்டி வெட்டும் சிகிச்சை லீடிக் செல்லைத் தொடுவதே இல்லை. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் முன்பு இருந்த அளவே இருக்கும். வெளியேறும் திரவத்தின் அளவுகூட கண்ணுக்குத் தெரியும்படி குறையாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள்: நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. வயிற்றைத் திறக்க வேண்டிய பெரிய அறுவை மனைவிக்கு, சில நிமிடச் சிறு கீறல் கணவனுக்கு வேண்டாம்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஆண்கள் பலம் போகும் என்று அஞ்சும் இதே நாளக் கட்டை, 1920களில் வியன்னாவில் பலம் கூடும் என்று பணம் கொடுத்துச் செய்துகொண்டார்கள். ஆய்கன் ஸ்டைனாக் என்ற உடலியங்கியல் அறிஞரின் கணக்கு இது: விந்து போகும் வழியை அடைத்தால் ஹார்மோன் செய்யும் செல்கள் பெருகும், இளமை திரும்பும். சிக்மண்ட் ஃபிராய்ட் 1923இல் செய்துகொண்டார். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1934இல் லண்டனில் செய்துகொண்டு, புது உற்சாகம் வந்ததாக மகிழ்ந்தார். வியன்னாக்காரர் பலம் கூடியதை உணர்ந்தார், நம்மவர் குறைந்ததை உணர்கிறார். கத்தி பட்ட இடமோ ஒன்றுதான். இரண்டு உணர்வுகளும் மனத்திலிருந்து வந்தவை.

அவர்களுக்கு முன்னோடி பாரிஸின் பிரௌன்-செக்கார். 1889 ஜூன் முதல் நாள், தம் 72ஆம் வயதில், நாய், கினி எலி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறும் வலிமை திரும்பிவிட்டதென்று அறிஞர் அவையில் அறிவித்தார். 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே செய்முறையில் சாறு எடுத்து அளந்தார்கள். உடலில் எந்த விளைவையும் உண்டாக்கப் போதாத அளவே அதில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தது. அது நீரில் எளிதில் கரையாத பொருள். விந்தகம் அதைச் சேமித்து வைப்பதும் இல்லை, செய்யச் செய்ய இரத்தத்தில் விட்டுவிடும். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்வரின் குழு அதைத் தூய வடிவில் பிரித்தபோது, ஏறக்குறைய 100 கிலோ காளை விந்தகத்திலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம். ஆட்டு விதையை வறுத்துத் தின்றால் வீரியம் வரும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ருசிக்காகத் தின்பதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற பாகுபாடு

டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன் என்று பள்ளியில் படித்தோம். 1934இல் பெர்ன்ஹார்ட் சோன்டெக் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்: மிக அதிக அளவில் ஈஸ்ட்ரோஜன் இருப்பது ஆண் குதிரையின் சிறுநீரில்! முறுக்கேறிய பொலிகுதிரை, பெண் ஹார்மோனை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

சினைப்பையின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் குழப்பம் தீரும். அங்கே முட்டையைச் சூழ்ந்து இரண்டு அடுக்குச் செல்கள் உள்ளன. வெளியடுக்கான தீகா செல்கள் கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலிலிருந்து முதலில் ஆண் ஹார்மோன்களைத்தான் செய்கின்றன. உள்ளடுக்கான கிரானுலோசா செல்கள் அதை வாங்கி, அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆண் ஹார்மோனைச் செய்யாமல் எந்தச் சினைப்பையும் பெண் ஹார்மோனைச் செய்ய முடியாது. இரண்டாம் அடுக்கின் வேலை பின்தங்கி முதல் அடுக்கின் வேலை மிகுந்தால் ஆண் ஹார்மோன் இரத்தத்தில் கூடும். மேலுதட்டில் முடி, முகப்பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு. நம் வீட்டுப் பெண்கள் "நீர்க்கட்டி" என்று சொல்லும் பிரச்சினையின் நடுவே இருப்பது பெரும்பாலும் இதுதான். ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள். இன்சுலின் மிகும்போது தீகா செல்கள் இன்னும் முடுக்கப்படுகின்றன. அதனால்தான் அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை பார்க்கிறோம், எடையைப் பற்றிப் பேசுகிறோம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பது இந்த நோய்க்கான சிகிச்சை அல்ல.

ஆணின் உடலிலும் அதே அரோமட்டேஸ் வேலை செய்கிறது. அது எவ்வளவு இன்றியமையாதது என்பதை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவில் 1994இல் எரிக் ஸ்மித் முதலானோர் விவரித்த ஒரு நோயாளி. வயது 28. உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆண்மைக்குரிய வளர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை; டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது; ஈஸ்ட்ரோஜன்கூட வழக்கத்தைவிட அதிகம். ஆனால் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாங்கியில் பிறவிப் பிழை இருந்ததால் அவர் உடலுக்கு அந்தச் செய்தி கேட்கவே இல்லை. எலும்பின் வயது 15 என்று காட்டியது. எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடவில்லை. எலும்பு பொறபொறவென்று இருந்தது. ஆண் பிள்ளையின் உயரத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதும், அவன் எலும்புக்கு உறுதி கொடுப்பதும் ஈஸ்ட்ரோஜன் என்பது இந்த ஒரு மனிதரால் உறுதியாயிற்று.

இத்தாலியில் தேவாலயப் பாடலுக்காகவும் இசை நாடகத்துக்காகவும் பருவமடையுமுன் விந்தகம் அகற்றப்பட்ட சிறுவர்கள் நெடிய கைகால்களோடு வளர்ந்ததற்கும் இதுவே விளக்கம். டெஸ்டோஸ்டிரோன் இல்லையேல் அதிலிருந்து வர வேண்டிய ஈஸ்ட்ரோஜனும் இல்லை. வளர்ச்சித் தட்டு திறந்தே கிடக்கும். குரல்வளை மட்டும் வளராது. அவர்களில் ஒலிப்பதிவில் தனிப் பாடகராகக் குரல் எஞ்சியவர் அலெஸாண்ட்ரோ மொரெஸ்கி ஒருவரே, 1922இல் இறந்தார். அந்தப் பதிவைக் கேட்க மனத்திடம் வேண்டும்.

எலும்புக்கு இப்படி என்றால் இரத்தத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் நேரடியாகவே வேலை செய்கிறது. சிவப்பணு உற்பத்தியை அது தூண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் இரத்தச் சோகையை முடிவுசெய்ய ஆணுக்கு 13 கிராம், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராம் என்று ஹீமோகுளோபினுக்கு இரண்டு அளவுகோல் வைத்திருப்பதன் பின்னால் மாதவிலக்கோடு சேர்ந்து இதுவும் இருக்கிறது.

ஹார்மோன்களின் இந்த ஆட்சி எப்போதும் உடலுக்கு நன்மையே என்று நான் சொல்லவில்லை. கொரியாவின் சோசன் அரசவையில் பணியாற்றிய, விந்தகம் அகற்றப்பட்ட ஆண்களின் குடும்பப் பதிவேட்டை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. 81 பேரின் சராசரி ஆயுள் 70 ஆண்டு. அதே சமூக நிலையில் இருந்த மற்ற ஆண்களைவிட 14 முதல் 19 ஆண்டு கூடுதல். மூவர் நூறைத் தாண்டியவர்கள். அரண்மனை வாழ்வின் வசதியும் காரணமாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அரசர்களே அவ்வளவு காலம் வாழவில்லை. புராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்வதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டி, 1966இல் நோபெல் பரிசு பெற்றார். அந்த நோயாளிகளுக்கு இன்றும் ஹார்மோனை நிறுத்தும் ஊசி போடுகிறோம். நோய் அடங்குகிறது, கூடவே எலும்பு தேய்கிறது, தசை குறைகிறது, திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் மனைவி பட்டதைக் கணவர் எழுபது வயதில் படுகிறார். இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்பது அடுத்த கூறு.

3. சுரப்பியை நடத்தும் தாளம்

விந்தகமும் சினைப்பையும் தாமாக எதையும் தொடங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னும் இடத்தில் ஓராயிரம், இரண்டாயிரம் நரம்புச் செல்கள். அவை சுரக்கும் பத்தே பத்து அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு மூலக்கூறு. அதுதான் பிட்யூட்டரியை எழுப்புகிறது. பிட்யூட்டரி விந்தகத்தையும் சினைப்பையையும் எழுப்புகிறது. அந்தப் பத்தின் வரிசையை அறிய ஆண்ட்ரூ ஷாலியின் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைபோதலாமஸை அரைத்தது. அமைப்பு 1971இல் வெளிவந்தது. ஷாலியும் அவருடைய பரம எதிரியான ரோஜர் கீமினும் 1977இல் ஒரே மேடையில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

இந்த நரம்புச் செல்கள் பிறப்பது மூளையில் அல்ல, கருவின் மூக்குப் பகுதியில். வாசனை நரம்பின் பாதையைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் ஏறுகின்றன. வழியில் நின்றுவிட்டால் கால்மன் நோய்க்குறித் தொகுதி. இருபது வயதாகியும் மீசை முளைக்காத பையனிடம் மல்லிகைப் பூவையும் காப்பித்தூளையும் நீட்டி, மணம் தெரிகிறதா என்று கேட்பது எங்கள் பழைய சோதனை. தெரியவில்லை என்றால் பாதி நோயறிதல் முடிந்தது. அந்தப் பையனுக்குத் தேவையான ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. முறையாகக் கொடுத்தால் தகப்பனாகவும் முடியும். ஜாதகத்தில் தோஷம் என்று காலம் கடத்தத் தேவையில்லை.

இனி தாளத்துக்கு வருகிறேன். எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இது. ரீசஸ் குரங்குகளில் அந்த நரம்புச் செல்கள் இருக்கும் பகுதியை அழித்துவிட்டு, வெளியிலிருந்து அந்த மூலக்கூறைக் கொடுத்தார்கள். மணிக்கு ஒருமுறை சில நிமிடம் கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. இடைவிடாமல் கொடுத்தபோது? ஹார்மோன் கூட வேண்டும் அல்லவா? அடியோடு நின்றது. மறுபடி மணிக்கொருமுறை கொடுத்ததும் மீண்டது. கதவைத் தட்டினால் திறப்பவர், ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவதைப் போன்றது இது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஊசி, எட்டு வயதுக்கு முன்பே வயதுக்கு வரும் சிறுமிக்குப் போடும் ஊசி, டெஸ்ட் டியூப் குழந்தைச் சிகிச்சையில் முட்டை முந்தி வெடிக்காமல் இருக்கப் போடும் ஊசி எல்லாம் இந்தக் குரங்குகளின் கொடை. ஹார்மோனைத் தூண்டும் மருந்தை ஓயாமல் கொடுத்தே ஹார்மோனை நிறுத்துகிறோம்.

இந்தத் தாளத்தை உடலின் மற்ற பகுதிகளும் கேட்டு மாற்றுகின்றன. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் போதுமான அளவு இல்லாவிட்டால் மூளை பருவத்தைத் தொடங்காது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத பிள்ளைகளுக்கு அதை ஊசியாகக் கொடுத்தால், உரிய வயதில் பருவம் வருகிறது. 1944-45இல் நெதர்லாந்துப் பஞ்சத்தில் ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றது. சோறு வந்ததும் திரும்பியது. கடுமையாக ஓடி, குறைவாக உண்ணும் தடகளப் பெண்களுக்கும் நிற்கிறது. பயிற்சியாளர்கள் சிலர் அதை வசதியாகவே நினைக்கிறார்கள். இருபது வயதில் எலும்பு கட்டும் காலத்தில் அவள் எலும்பை இழந்துகொண்டிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஜிம்முக்குப் போகும் தம்பிகள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தசைக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை மூளை உணர்கிறது, தட்டுவதை நிறுத்துகிறது. பிட்யூட்டரி உறங்குகிறது, லீடிக் செல்கள் வேலையை விடுகின்றன. விந்தணு வளர விந்தகத்துக்குள் இரத்தத்தில் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு டெஸ்டோஸ்டிரோன் தேவை. ஊசியால் அந்த அளவை அங்கே உண்டாக்க முடியாது. விளைவு, புயங்கள் பெருக்கின்றன, விந்தகம் சுருங்குகிறது, விந்தணு இல்லாமற் போகிறது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்தார்கள். பெரும்பான்மையோருக்கு விந்தணு அறவே இல்லாமற் போனது. கருத்தடையாக அது நன்றாகவே வேலை செய்தது. ஆண்மை கூட்டுவதாக விற்கப்படும் மருந்தும் அந்தக் கருத்தடை மருந்தும் ஒன்றே. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மீளும். சிலருக்கு மிகவும் நாளாகும். கல்யாணமாகி இரண்டு ஆண்டு குழந்தையில்லை என்று வரும் கட்டுமஸ்தான வாலிபரிடம் நாங்கள் முதலில் கேட்பது இந்த ஊசியைப் பற்றித்தான். மனைவியை எதிரில் வைத்துக்கொண்டு அவர் முதலில் இல்லை என்பார்.

4. சினைப்பையின் கையிருப்பு

விந்தகம் எண்பது வயதிலும் புதிதாக விந்தணு செய்யும். சினைப்பைக்கு அந்த வசதி இல்லை. தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் பெண் கருவிடம் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400, 500 மட்டுமே. மற்றவை வெளிவராமலே அழிகின்றன. ஏறத்தாழ ஆயிரம் எஞ்சும்போது மாதவிடாய் நிற்கிறது. மேலைநாடுகளில் இது சராசரியாக 51 வயதில். நம் நாட்டில் சில ஆண்டுகள் முன்னதாகவே, 46, 47இல்.

ஆணிடம் விந்தணுவும் ஹார்மோனும் வெவ்வேறு இடத்தில் உருவாகின்றன என்றேன். பெண்ணிடம் முட்டையைச் சுற்றியிருக்கும் அதே பைதான் ஈஸ்ட்ரோஜனின் முதன்மையான ஊற்று. முட்டைகள் தீரும்போது ஈஸ்ட்ரோஜனும் வற்றுகிறது. உடலோ இன்னும் முப்பது ஆண்டு வாழ வேண்டும். 1941இல் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், 65 வயதுக்கு உட்பட்ட எலும்புத் தேய்வு நோயாளிகள் 42 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். எலும்பு நோய் என்று வந்தவர்களுக்குச் சினைப்பையில் காரணம் கண்டது பெரிய பார்வை. பாட்டிமார் கூன் விழுவதை முதுமையின் அழகு என்று நாம் எழுதிக்கொண்டிருந்தோம். அது நொறுங்கிய முதுகெலும்பு.

இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன வீண் அறுவைக்கு வருகிறேன். 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். கரும்பு வெட்டும் பெண்கள், நாற்பது வயதைக்கூடத் தாண்டாதவர்கள் பலர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. ஏதேனும் உபாதை என்று தனியார் மருத்துவமனைக்குப் போனால் எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மாநிலங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இது அங்கே மட்டும் நடப்பதும் அல்ல. பெரும்போக்குக்கு மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வழிகள் இருக்க, "அதான் ரெண்டு புள்ள பெத்தாச்சே, இனி அது எதுக்கு?" என்ற கேள்வியில் கணவர், மாமியார், சில வேளை மருத்துவர், அந்தப் பெண்ணும் கூட, எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

கர்ப்பப்பையை எடுக்கும்போது, "கையோடு" சினைப்பைகளையும் எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வராதல்லவா என்பது அதற்கான வாதம். பிறவி மரபுப் பிழையால் அந்தப் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகுந்த குடும்பப் பெண்களுக்கு அது சரியான முடிவு. அவர்கள் உயிரைக் காக்கும் முடிவு. மற்றவர்களுக்கு? அமெரிக்கச் செவிலியர் உடல்நல ஆய்வில், புற்றுநோய் இல்லாத நிலையில் கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட 29,380 பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றும் மார்பகப் புற்றும் குறைந்தன. ஆனால் இதய நோய் கூடியது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த இறப்பும் கூடியது. ஒரு நோயைத் தவிர்க்கப் போய் மொத்தக் கணக்கில் நட்டம். 38 வயதில் சினைப்பைகளை இழந்தவருக்கு, இயற்கையில் பத்தாண்டு கழித்து மெல்ல மெல்ல வர வேண்டியது ஆபரேஷன் தியேட்டரில் ஒரே நாளில் வந்துவிடுகிறது.

அவருக்கு ஹார்மோன் கொடுக்கலாமே? கொடுக்கலாம், ஆனால் அஞ்சுகிறார்கள். அச்சத்தின் வேர் 2002 ஜூலையில் இருக்கிறது. பெண்கள் உடல்நல முன்முயற்சி என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பிரிவு, 16,608 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து நடந்துகொண்டிருந்தது, பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்று, பக்கவாதம், இரத்த உறைவு கூடியிருந்தன. இடுப்பெலும்பு முறிவு குறைந்திருந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் ஹார்மோன் எழுதுவதை விட்டார்கள். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் யார் என்று யாரும் நின்று பார்க்கவில்லை. கர்ப்பப்பை உள்ள பெண்கள். சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குத் தனியாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்று கூடவில்லை, பக்கவாதம் கூடியது. அங்கும் பெண்கள் அதே முதிய வயதினர்.

கர்ப்பப்பையும் இல்லாமல், சினைப்பையும் இல்லாமல், 38 வயதில் நிற்கும் நம் ஊர்ப் பெண் இந்த இரண்டு பிரிவிலும் இல்லை. அவருக்குப் புரோஜெஸ்டின் தேவையே இல்லை. அது கர்ப்பப்பையின் உட்சுவரைக் காப்பதற்காகச் சேர்ப்பது. மார்பகப் புற்று போன்ற தடைகள் இல்லாவிடில், இயற்கையாக நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுங்கள் என்பதே இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்வது. இல்லாத ஒன்றை மேலதிகமாகத் திணிப்பதல்ல இது. இருந்ததை ஈடு செய்வது.

இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் வீட்டுக்குப் போனதும் பழைய மருத்துவமனைக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்குச் சினைப்பை இருக்கிறதா, போயிற்றா என்பதே தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆபரேஷன் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். ஐம்பது வயதுக்கு முன் அது நடந்திருந்தால் எலும்பு அடர்த்திச் சோதனை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ஹார்மோன் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு ஆகியவற்றுக்காக ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இனிமேல் அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: சினைப்பையையும் எடுக்கிறீர்களா? என் விஷயத்தில் அதற்கு என்ன காரணம்?